ஜன்னலுக்கு முதுகு காட்டிய திரை

ஐயோ, பஸ்ஸுக்குள் சேவலா?

உங்க போனா அக்கா! நான் ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன். என் மகளைப் பாருங்க, சிரிக்கிறாள் கழுதை. எடுத்துப் பேசுங்க, எனக்கொன்றும் இல்லை. கட் பண்ணிட்டீங்களா? எனக்காகவா? அடடா. சத்தத்தைக் குறைக்கத் தெரியாதா, பையன் வைத்துக் கொடுத்த பாட்டா? கொடுங்க, நான் குறைத்துத் தருகிறேன். வேண்டாமா? சரி சரி, அடுத்தவங்க போனை வாங்கக் கூடாதுதான். அதை எனக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தன்ஷி, காலை மடக்கு. பெரியம்மா சேலையில் செருப்பு படுது பார். கடலை மிட்டாய் கொடுத்த பெரியம்மா இல்லையா? தேங்க்ஸ் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

எனக்கு எதற்கு இப்படித் தூக்கிவாரிப் போட்டது என்றுதானே பார்க்கிறீங்க? எனக்குச் சேவல் சத்தம் ஆகாது அக்கா. பிறந்து வளர்ந்தது எல்லாம் கோழிக்கு நடுவில்தான். கட்டிக்கொடுத்த வீட்டிலும் கோழி நின்றது. எல்லாவற்றையும் விற்றாகணும் என்று ஒற்றைக்காலில் நின்று விற்கவைத்தேன். வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுவார், கம்ப்யூட்டர் தொட்ட கைக்கு நாட்டுக்கோழி நாறுது என்று. அவருக்கு என்ன தெரியும்? அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது. ஆபீஸ் விஷயம்.

உங்களிடம் சொன்னால் பரவாயில்லை. நீங்க யாரோ, நான் யாரோ. தாராபுரத்தில் இறங்கினால் உங்க வழி உங்களுக்கு, என் வழி எனக்கு. அதிலும் பேர் சொல்ல மாட்டேன், ஊர் சொல்ல மாட்டேன். அதில் நான் ரொம்பக் கறார்.

நான் வேலை பார்த்தது சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிற பிரிவில். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஒரு கொலையைப் பார்த்தவங்க இருப்பாங்க இல்லையா, அவங்க கோர்ட்டில் வந்து சொல்வதற்குள் யாராவது வாயை அடைத்துவிடுவாங்க. அதனால் கண்காணாத இடத்தில் கொண்டுபோய் வைப்பாங்க. யார், என்ன சொன்னார், எங்கே வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒரு அறையில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் தட்டுகிற ஆள் நான். ஒப்பந்த வேலைதான். ஆனால் அந்த அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது.

படிப்பா? பெரிய படிப்பெல்லாம் இல்லை அக்கா. எங்க ஊர்ப் பள்ளிக்கூடம், அப்புறம் டவுனில் டைப்பிங். ஆனால் என் தட்டச்சில் ஒரு புள்ளி பிசகாது. எங்க கண்ணம்மா டீச்சர் வளர்த்த வளர்ப்பு அது. வாய்விட்டுப் படிக்கணும். வாயை மூடிக்கொண்டு படிப்பவரைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். பள்ளிக்கூடமே சந்தை மாதிரி இருக்கும், ரோட்டில் போகிறவன் எங்க பாடத்தைக் கேட்டே பரீட்சை எழுதிவிடலாம். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு எழுத்துத் தட்டினால் அது வாயில் வரணும். வாயில் வராவிட்டால் விரல் நின்றுவிடும். மற்றப் பெண்களெல்லாம் தட்டிவிட்டுத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். எனக்கு அந்த வேலையே கிடையாது. தட்டும்போதே காது சொல்லிவிடும்.

வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு வகுப்பு நடத்தினார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். எனக்கு எல்லாம் புரிந்தது, அடுப்படிக் கணக்கு மாதிரிதான். பாலை மூடி வை, பூனை வரும் வழியை அடை. அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. பென் டிரைவ் சொருகுகிற ஓட்டையெல்லாம் பசை வைத்து அடைத்திருந்தார்கள். போனை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகணும். பாஸ்வேர்டைப் புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது, எழுதியும் வைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழணும். மற்றவங்க முதல் மாசம் செய்வாங்க, அப்புறம் விட்டுவிடுவாங்க. நான் தும்மல் வந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் தும்முவேன். சிரிக்காதீங்க, நிஜம்.

இன்னொன்றும் சொன்னார். திரை ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது, வெளியே நிற்கிறவன் கண்ணில் படும் என்று. எங்க அறையில் அப்படித்தான் இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. நான்தான் அந்த மேஜையை ஒண்டியாக இழுத்துத் திருப்பினேன். திரை ஜன்னலுக்கு முதுகு காட்டியது, நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். அருளப்பன் சார், அவர்தான் எங்க அதிகாரி, வந்து பார்த்துவிட்டு, "பிரபாவதி, உன்னளவுக்கு ஒழுங்கா இந்த ஆபீஸ்ல யாரும் இல்லம்மா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குக் கேசரி கிண்டினேன்.

ஜன்னலை மூட முடியாது அக்கா. ஏசி வந்த நாளிலிருந்து அழுதுகொண்டே கிடந்தது, குளிர்ந்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் வெளியே வேப்பமரம், அதன் அடியில் மனு கொடுக்க வந்தவங்க உட்காரும் சிமென்ட் மேடை. நல்ல காற்று வரும். யாரும் எட்டிப் பார்த்தாலும் திரையின் முதுகுதான் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பொண்ணுடைய வாக்குமூலம் வந்தது. பேர் கிடையாது. எண்தான். நானே கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. கைகழுவிவிட்டு உட்கார்ந்தேன், எப்போதும் அப்படித்தான் உட்காருவேன்.

கட்டிக்கொடுத்த வீட்டில் நடந்தது அது. அவளுடைய கடைசி நாத்தனார், சின்னப் பொண்ணு, வீட்டுக்குப் பிடிக்காத ஒரு பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றிருக்கிறாள். ஒரு நாள் அவளை ஒரு அறையில் போட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். இவள் அடுப்படியில் இருந்தாள். எழுத்து அப்படியே எனக்கு மனப்பாடம் அக்கா. "உள்ளே சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். என் மூத்த நாத்தனாரின் போன் அந்த அறைக்குள்ளிருந்து சேவல் போலக் கூவியது. யாரும் எடுக்கவில்லை. முழுவதும் கூவி ஓய்ந்தது. அது ஓய்ந்தபோது சின்னவளின் சத்தமும் ஓய்ந்திருந்தது."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. அடுத்த வரியில் வேறு விஷயம். எனக்கு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

அந்த மூத்தவள் அன்றைக்குக் கோயிலில் இருந்தேன் என்று சாதிக்கிறாளாம். அந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்கிறார்கள், ஜெயிலில். அவள் மட்டும் வெளியே. அவள் அந்த அறையில் இருந்தாள் என்பதற்கு இந்தச் சேவல் ஒன்றுதான் சாட்சி. வருகிற திங்கட்கிழமை இந்தப் பொண்ணு கோர்ட்டில் ஏறி வாயைத் திறந்து சொல்லணும். சொன்னால் உண்டு. இல்லையென்றால் செத்தவள் செத்ததுதான்.

என்ன அக்கா, முகம் வேர்க்குது? பஸ் குலுக்குதா? இந்தாங்க தண்ணீர். மூடியை நன்றாகத் திருகுங்க, லீக் ஆகும். நீங்க சங்கடப்படாதீங்க, ஊரெல்லாம் இந்தச் சேவல் பாட்டுதான் வைத்திருக்கிறார்கள். எங்க தெருப் பால்காரர்கூட. உங்க போன் கூவினதும் அந்த நினைப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே இன்னொன்று நடந்தது. அதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாக்குமூலத்தை முடித்துவிட்டு, அவளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்கிற உத்தரவைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஊர், தெரு, எந்த இல்லம், வாசல் எந்தப் பக்கம், எல்லாம். திடீரென்று பக்கத்திலேயே சேவல் கூவியது. சத்தியமாகக் கூவியது. திரையைப் பூட்டினேன், அதை மறக்கவில்லை. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோழியும் இல்லை, சேவலும் இல்லை. மரத்தடியில் மனுக்காரங்கதான். ஒரு அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வேகவேகமாக கேட்டைத் தாண்டிப் போனாங்க. அவ்வளவுதான். செத்துப்போன சின்னவள்தான் வந்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்தது அக்கா இந்த பயம். குழம்பு தாளிக்கும்போது கூவும். தலைக்கு ஊற்றும்போது கூவும்.

அந்தப் பொண்ணை ஒரே ஒரு தடவை பார்த்தேன். கையெழுத்துப் போடக் கூட்டிவந்தாங்க. முகத்தை மூடியிருந்தாள், கண் மட்டும் தெரிந்தது. தட்டினதை நான்தான் படித்துக் காட்டணும், அதுதான் முறை. ஆரம்பித்தேன். இரண்டு வரி தாண்டவில்லை, "அக்கா, அந்த ஜன்னலைச் சாத்தலாமா?" என்றாள். காற்று வரட்டும் சாமி, வெந்து செத்துப்போவோம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "மெதுவாப் படிங்கக்கா" என்றாள். பாவம், காது வலியோ என்னவோ. முழுக்க அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இருக்கே. இதோ இப்போது நீங்க பார்க்கிறீங்க இல்லையா, இமைக்காமல், அது மாதிரி.

அப்புறம்தான் அது நடந்தது. அவளை வைத்திருந்த இல்லத்துக்கு ஒரு ஜீப் போயிருக்கிறது. நேராகப் போயிருக்கிறார்கள், யாரிடமும் வழி கேட்கவில்லை, முன் வாசலில் வேலை நடக்கிறது என்று தெரிந்தவங்க மாதிரி பின் வாசலுக்கே போயிருக்கிறார்கள். அவள் சுவரேறிக் குதித்துத் தப்பியிருக்கிறாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, சேவல் கூவினது, அதனால் ஓடினேன் என்று சொன்னாளாம். ஒரு செருப்பு மட்டும் சுவரடியில் கிடந்ததாம். அந்த ஒற்றைச் செருப்பு என் கண்ணுக்குள்ளேயே கிடக்குது அக்கா. நான் பார்த்ததே இல்லை, இருந்தாலும் கிடக்குது.

ஆபீஸே தலைகீழானது. கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டார்கள். யார் எப்போது திறந்தார், எதைத் திறந்தார், எல்லாம் பார்த்தார்கள். எங்க போன்களை வாங்கி நோண்டினார்கள். பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா என்று ஆளாளுக்கு நிற்கவைத்துக் கேட்டார்கள். கடைசியில் அந்தச் சென்னைக்காரர், மெஷினில் ஒரு சின்ன ஓட்டைகூட இல்லை, ஊசி முனை அளவுகூட வெளியே போகவில்லை என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது. பசை வைத்து அடைத்த ஓட்டையைக்கூடத் தினமும் தடவிப் பார்க்கிறவள் நான். என் மேல் வருமா?

அவளுக்கு வேறு இடம் பார்த்தார்கள். அந்த உத்தரவையும் நான்தான் தட்டினேன். விடாத மழை அப்போது. ஜன்னலைச் சாத்திவிட்டுத் தட்டினேன், சாரல் கீபோர்டில் அடிக்குமே.

மழை விட்ட பிறகு ஒரு நாள். ஜன்னலைத் திறந்து வைத்து வேறு ஏதோ கடிதம் தட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வேப்பமரத்தடியில் அருளப்பன் சார். யாரிடமோ போனில் பேச அந்தப் பக்கம் போயிருக்கிறார். போன் கையில் தொங்குது, பேசவில்லை. என்னையே பார்க்கிறார். முகத்தில் ரத்தம் இல்லை. "நிறுத்தாதம்மா, தட்டு" என்றார். தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான் சார். அதனாலதான் பிழையே வர்றதில்ல."

"புது இடத்தைத் தட்டினப்பவுமா?"

"அப்ப மழை சார். சாத்தித்தான் வெச்சிருந்தேன்."

அவர் அந்த மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று நான் மிட்டாய் எடுத்துக்கொண்டு ஓடினேன். திரையைப் பூட்டிவிட்டுத்தான்.

மறுநாள் என்னை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தபால் பிரிவு. உறை ஒட்டுகிற வேலை. என் மேஜையில் ஷர்மிளா உட்கார்ந்திருக்கிறாள். ஊமைக்கோட்டான் மாதிரி இருப்பாள், நாளெல்லாம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அது ஒரு தகுதியா அக்கா? நான் கலகலவென்று இருக்கிறேன், அது சாருக்குப் பிடிக்கவில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஒரு விதியை நான் மீறினேன் என்று யாராவது சொல்லட்டும். கேட்டேன். "உன்மேல குத்தம் சொல்லலம்மா. வாயை மட்டும் கட்டி வை. அந்தப் பொண்ணு உயிர் அதுல இருக்கு" என்றார். என்னவோ நான் போய் யாரிடமோ சொன்ன மாதிரி. அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். திங்கட்கிழமை வழக்கு முடியட்டும், மேலே மனு எழுதிப் போடப்போகிறேன்.

ஆனால் ஒன்று அக்கா. அறையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், என்னிடமிருந்து அந்த அறையை எடுக்க முடியவில்லை. தட்டினதெல்லாம் வாயிலேயே நிற்குது. இவளுக்குத் தலை சீவும்போது தானாக வரும். பாத்திரம் தேய்க்கும்போது வரும். நான் கூப்பிடுவதில்லை, அதுவாக வருது. வீட்டுக்காரர், என்னடி முணுமுணுப்பு, மந்திரமா என்பார். இல்லைங்க, பாட்டு என்று சொல்லி வைப்பேன். அவருக்கு அதற்கு மேல் காது கொடுக்கப் பொறுமை கிடையாது, நல்லதாய்ப் போயிற்று.

தினமும் இந்த பஸ்ஸில்தான் போகிறேன். வழியில் ஒரு இடம் வரும். எந்த இடம் என்று கேட்காதீங்க. அங்கே ஒரு மாடியில் ஒரு விளக்கு எரியும். அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எரியுது, இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு இது தெரியாது. நான் மட்டும் தினமும் அவளுக்குக் காவல் மாதிரி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

நீங்க கேட்கவே இல்லை பாருங்க. இத்தனை சொல்லியும் எந்த ஊர், எந்த இடம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு யாராவதாக இருந்தால் துருவியெடுத்திருப்பாங்க. நல்ல மனசு உங்களுக்கு.

தன்ஷி, எழுந்து நிற்காதே, கண்டக்டர் திட்டுவார். என்ன, ஜன்னலோரம் வேணுமா? பெரியம்மா மடியில் உட்காருகிறாயா? கனப்பாள் அக்கா, பரவாயில்லையா? சரி, உட்கார். சும்மா இருக்கணும்.

அடி, என்ன பாட்டுப் பாடுற?

"செங்காட்டுப்புதூர், செங்காட்டுப்புதூர், பழைய பஞ்சாலை விடுதி, மாடி, கிழக்குக் கோடி அறை..."

ச்சூ. வாயை மூடு. அது ஒன்றுமில்லை அக்கா, பள்ளிக்கூடத்தில் ஏதோ சொல்லித் தர்றாங்க, இதுகள் அதை இழுத்து இழுத்துப் பாடுதுகள். குழந்தை உளறினதைப் பெரிதாக எடுத்துக்காதீங்க. நான் ஊர்ப் பேரை வாயில் எடுக்கவே இல்லை, நீங்களே பார்த்தீங்க இல்லையா? எடுத்தேனா? எடுக்கவில்லை. இவள் தலையைத் தடவுறீங்களே, நீங்க எவ்வளவு நல்லவங்க. இன்னொரு மிட்டாய் வேண்டாம் அக்கா, பல் சொத்தையாகிடும். சரி, பெரியம்மா கொடுத்தால் வாங்கிக்க.

மேடு ஏறுது பஸ். பாலம் வந்தாச்சு. பொழுதும் சாய்ந்தாச்சு. இனி அந்தப் பக்கம் பார்க்கணும் நான். தப்பாக நினைக்காதீங்க, கொஞ்சம் உங்க மேல் சாய்ந்து எட்டிப் பார்க்கிறேன்.

எரியுது. எரியுது அக்கா. அப்பாடா.

என்ன, எழுந்துட்டீங்க? தாராபுரத்துக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? நான் பார்த்தேனே. இங்கேயா இறங்கணும்? சொந்தக்காரங்களா? சொல்லவே இல்லையே. கொடுங்க குழந்தையை. பார்த்து இறங்குங்க, படி உயரம். இருட்டில் பள்ளம் இருக்கும், அந்தப் பஞ்சாலைச் சுவர் ஓரமாகவே போங்க.

தன்ஷி, பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு.

அக்கா, உங்க போன் கூவுது. எடுங்க. ரொம்ப நேரமா கூவுது பாருங்க, ஊரே திரும்பிப் பார்க்குது. எடுங்க அக்கா.

அட.

மாடியில் விளக்கு அணைந்துவிட்டதே. இப்போதுதானே எரிந்தது.